முள்ளில்லாத வாட்ச்

உலகப் போர் முடிந்த கையோடு கொழும்புக் கப்பலில் வந்த வாட்சுகளில் ஒரு பெட்டி மட்டும் வேறு மாதிரி இருந்தது. முள்ளே கிடையாது. முகம் முழுக்க வெள்ளித் தகடு. அதில் இரண்டு சின்ன ஜன்னல். மேலே மணி எண்ணாகத் தெரியும், கீழே நிமிஷம். பார்த்ததும் ஆசைப்பட்டு மொத்தமாக எடுத்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் பயம் பிடித்துக்கொண்டது.

பீச் ரோட்டில் அண்ணன் நடத்திய கடையின் ஓர் ஓரம்தான் என் வாட்ச் வியாபாரம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு வேறு தொழில் தெரியாது. வந்தவர்கள் அந்த வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னவே, முள்ளு கப்பல்லயே கழண்டு விழுந்துட்டோ?" என்றார் ஒருவர். அண்ணன் சிரிக்கவில்லை. "ஏலே, பொங்கலுக்குள்ள இந்தப் பெட்டி காலியாகணும். இல்லேன்னா வாட்சை மூட்டை கட்டிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டான்.

மார்கழியில் நாசரேத்துப் பக்கத்து நர்ஸம்மா ஒருவர் வந்தார். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவர். அந்த வாட்சையே உற்றுப் பார்த்தார். விற்க வேண்டிய நான் உளறினேன்: "நர்ஸம்மா, அதுல முள்ளு கிடையாது. பொறவு சொல்லலேன்னு சொல்லப்படாது."

"அதான் அண்ணாச்சி வேணும். பிள்ளை பூமியில விழுந்ததும் தாயைப் பார்க்காம என் கையைத்தான் பிடிச்சு இழுக்காவ, ஜாதகம் எழுத. முள்ளை நேரா நின்னு பார்த்தவுக ஒரு நிமிஷம் சொல்லுதாவ, சாஞ்சு பார்த்தவுக ஒரு நிமிஷம் சொல்லுதாவ. கடைசியில நான் பொய்க்காரி."

மில் சங்குக்கு நேரம் வைத்துக் கொடுத்தேன். அவர் தெருமுனை தாண்டுமுன் அடுத்த கவலை. ஓடாமல் நின்றுவிட்டால்? ஒரு பிள்ளையின் ஜாதகமே என் தலையில் அல்லவா விடியும்! நாலைந்து நாள், மில் சங்கு ஊதும்போதெல்லாம் மிச்சமிருந்த வாட்சுகள் சரியாக ஓடுகின்றனவா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு காலை, தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் விறுவிறுவென்று கடை ஏறினார்.

"நர்ஸம்மாவுக்கு முள்ளில்லாத வாட்சை வித்தது நீதானாலே?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"மவ வயித்துப் பேரன் பொறந்திருக்கான். நட்சத்திரம் மாறுத நேரம், பாத்துக்க. சம்பந்தி பழைய நட்சத்திரம்ங்காரு. அப்படின்னா தாய்மாமனுக்கு ஆகாது, அது என் மவன்லா! பிள்ளை விழுந்த கையோடயே நர்ஸம்மா கையை நீட்டுச்சு. ஜன்னல்ல நம்பர் பளிச்சுன்னு நிக்கி. சம்பந்தியே வாய்விட்டுப் படிச்சாரு, புது நட்சத்திரம்தான். பொறவு பேச்சு மூச்சு இல்ல!" கடை அதிரச் சிரித்தார். "எனக்கு ஒண்ணு கொடு. அவருக்கும் ஒண்ணு கொடு, தினமும் பார்க்கட்டும்."

அதற்கப்புறம் நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பேரன் பேத்தி எதிர்பார்த்த வீட்டார் வந்தார்கள். வாலிபர்களுக்கு ஜாதகம் பொருட்டில்லை. பக்கத்து ஆள் கையில் இல்லாத வாட்ச் என்பதே போதும். சட்டைக் கையை மடக்கிவிட்டு, யாராவது மணி கேட்கமாட்டார்களா என்று கடற்கரையில் நின்றார்கள்.

கரும்புக் கட்டு வந்து இறங்குமுன் பெட்டி காலி. சோப்பும் சீப்பும் அடுக்கியிருந்த முன்பக்கத்துக் கண்ணாடி அலமாரியை அண்ணன் தன் கையாலேயே ஒழித்துத் துடைத்தான். "இனி இது உனக்கு. கொழும்புக்குச் சொல்லி விடு, ரெண்டு பெட்டி" என்றான்.

"ரெண்டு எந்த மூலைக்கு? நாலு சொல்லுதேன் அண்ணே" என்றேன். சொன்ன வாய் என்னுடையதுதானா என்று எனக்கே ஆச்சரியம்.