மாஸ்டர் எடுத்துக்கொண்ட நடை

மாஸ்டர் போய்விட்டார். நேற்று மதியம், ஈப்போவில். நாளை காலை அடக்கம்.

நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க அவர்தான். "அன்பின் வடிவம்." "எங்கள் இன்னொரு தந்தை." எழுதியவர்களில் பாதிப் பேரை அவர் அழவைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மீதிப் பேர் நான் அழுததைப் பார்த்தவர்கள்.

தெரியாதவர்களுக்கு... ஜெரால்ட் மாஸ்டர். பாலே நடனங்களை அமைத்தவர். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய பெண்ணின் மகன். "தமிழனுக்கு எதுக்குலா பாலே?" என்று ஒருவர் கேட்டபோது, "உனக்கு எதுக்குலா வாய்?" என்று திருப்பிக் கேட்டவர்.

ஈப்போவில், குனோங் ராபாட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி. அதுதான் ஸ்டூடியோ. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை. மூடினாலும் எஞ்சின் ஆயில் வாசம்.

சிலிப்பரைப் படிக்கட்டில் கழற்றிவிட்டு உள்ளே போவோம். நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் வெளியே போய் அவற்றை அடுக்கி வைப்பார். மேல்படியில் யாருடைய ஜோடி இருக்கிறதோ, முக்கிய வேடம் அவருக்கு. கீழே கடை வாசலில் கிடந்தால்... இனி வரவேண்டாம்.

வாயால் சொல்லவே மாட்டார். ஒருமுறை ஒரு பெண்ணின் ஜோடியை வாசலில் வைத்துவிட்டு வந்து, அவளிடமே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவளும் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தாள்.

என் ஜோடி மேல்படியில் இருந்த காலம் ஒன்று உண்டு. தோட்டத்தை விற்றுவிட்டதால் வெளியேறும் ஒரு பெண்ணைப் பற்றிய நடனம். அந்தப் பெண் நான்.

ஒரு ரிஹர்சலில் குதித்து இறங்கும்போது முட்டி திரும்பிக்கொண்டது. ஆஸ்பத்திரி, கட்டு, ஊன்றுகோல். பிறகு ஊன்றுகோல் இல்லாமல் படியேறிப் போன முதல் நாள்... எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நட," என்றார் மாஸ்டர்.

நடந்தேன்.

"திரும்பி நட. எங்க வலிக்குது?"

"இங்க, மாஸ்டர்."

"மறைக்காத. வலிக்கிற மாதிரியே நட."

அக்கறை என்று நினைத்தேன். எனக்குக் கண்கூடக் கலங்கியது. அன்று சாயங்காலம் வெளியே வந்தபோது என் சிலிப்பர் கடை வாசலில், பழைய டயர்களுக்கு நடுவே கிடந்தது.

நான்தான் வெளியே. என் நொண்டல் உள்ளேயே தங்கிவிட்டது. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் மேடையின் குறுக்கே நொண்டிக்கொண்டு போவாள். இசை கிடையாது. வேறொருத்தி, நல்ல முட்டிகளோடு.

அந்த இடத்தில்தான் கோலாலம்பூரில் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிங்கப்பூரிலும். இப்போது அவரைப் பார்த்தே இராதவர்கள் அமைக்கும் நடனங்களிலும் அந்த நடை வருகிறது. கட்டுரைகளில் 'இடம்பெயர்ந்த உடலின் மொழி' என்று எழுதுகிறார்கள்.

என் முட்டி என்று யாரும் எழுதவில்லை.

இன்று காலை அவர் மனைவி ரோஸ்லின் அக்கா கூப்பிட்டார்.

"மீனா... பெட்டிக்குப் பின்னால அந்த நடைய நடந்துக்கிட்டு வரணுமாம். ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொல்லிட்டாரு. இப்ப ஆடுற பிள்ளைக்கு அது சரியா வரலியாம். நீ வந்து சொல்லிக் குடுக்கணுமாம்."

"என் பேரச் சொன்னாராக்கா?"

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"'அந்த நொண்டியக் கூப்பிடு, அவ வருவா'... இப்படித்தாம்மா சொன்னாரு. கோவிச்சிக்காத. அவரு சொன்னத மாத்திச் சொல்ல எனக்கு இன்னும் பயமா இருக்கு."

போனேன். சிம்பாங் பூலாயிலிருந்து ஸ்டூடியோவுக்குக் காரில் போகும் வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

மேல்படியில் ஒரு ஜோடி வெள்ளை சிலிப்பர். இப்போது அந்தப் பெண்ணாக ஆடும் ஷாலினியுடையது. உள்ளே தோழியிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்த மீனா ஸ்டெப் எனக்கு வரவே மாட்டேங்குதுலா."

"அது என்னாடி மீனா?"

"பிரெஞ்சா இருக்கும். மாஸ்டர் சொல்ற ஸ்டெப் பேரெல்லாமே பிரெஞ்சுதானே."

அப்படியென்றால் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை.

பையை வைக்க மூலைக்கு நடந்தேன். ஷாலினி கைதட்டினாள்.

"ஐயோ அக்கா, அதேதான்! பெர்ஃபெக்ட்! இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்களேன்!"

நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நல்ல பெண். அழகாக நொண்டினாள். அதுதான் கோளாறு.

"நட," என்றேன். "திரும்பி நட. எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலக்கா."

"அப்ப ஏன் நொண்டுற?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுபடி நடக்கச் சொன்னேன். மறுபடி. சாப்பாட்டு நேரம் போனது. தோழி பயந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஷாலினி அழுதுகொண்டே நடந்தாள். அப்போதும் அந்த முட்டி பொய்தான் சொன்னது.

"முகத்தத் துடைச்சிட்டு இன்னொரு தடவ," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளை சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கஷ்டம். கடை வாசலில், டயர்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதை மேல்படியில் வைத்தேன்.

உள்ளே போய் ஷாலினியிடம் தண்ணீர் கேட்டேன்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

நாளை காலை பெட்டிக்குப் பின்னால் நடப்பது நான்தான். ரோஸ்லின் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

நீங்க முன்னால போங்க மாஸ்டர். நான் மெதுவா வாரேன்.