ஹோஸில் இருந்த சந்தனப் பொட்டு

என்னுடையது பழைய டீசல் கார். ஒருநாள் மனைவியோடு சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும்போது, முன்னால் போன லாரியை முந்தப் பார்த்தேன். எவ்வளவு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகைதான் வந்தது. எதிரே பஸ். எப்படியோ லாரிக்குப் பின்னால் ஒதுங்கித் தப்பினோம்.

டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கிறது என்றார் மெக்கானிக். மறுநாள், கழற்றியது இதுதான் என்று கிழிந்த ஹோஸ் ஒன்றைக் கையிலேயே கொடுத்தார்.

"புதுசு போட்டாச்சு அண்ணாச்சி. தைரியமா ஓட்டுங்க, கேட்டேளா."

திரும்பும் வழியில் பாலம் ஏறும்போதே மறுபடியும் கரும்புகை. எனக்குச் சந்தேகம் தட்டியது. வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்தேன். எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்:

"ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனப் பொட்டு ஹோஸ்ல அப்படியே இருக்குல்லா? புதுசுல அது எப்படி வந்துச்சு?"

அவளை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஹோஸுக்கு அடியில் கையை நீட்டினேன். இன்ஜின் சும்மா ஓடும்போது ஒன்றுமில்லை. மிதித்ததும் வெடிப்பு விரிந்து, புஸ்ஸென்று காற்று கையில் அடித்தது. கையில் தந்தது எந்த வண்டியின் ஹோஸோ!

மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். "அது கை பட்ட கறை, அண்ணாச்சி."

"கறைக்கு நடுவுல குங்குமமும் இருக்குமோ?"

அவர் போனை வைத்துவிட்டார். வேறொரு மெக்கானிக்கிடம், பக்கத்திலேயே நின்று ஹோஸை மாற்ற வைத்தேன்.

இப்போதெல்லாம் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைதான்.