ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு படத்திறப்பு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஐப்பசியில் இறந்தவருக்குக் கார்த்திகையில் கருமாதி செய்யக் கூடாது. சாவும் காரியமும் இரண்டு மாசத்தைத் தொட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பதினாறு நாள் நிறைந்ததோ இல்லையோ, மாசம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். என் அப்பாவும் எங்கள் ஊர் டீக்கடைக்காரரும் ஐப்பசி பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மாசத்தின் கடைசி ஞாயிறு இரண்டு வீட்டுக்கும் பொதுவாகிப்போனது.

டீக்கடைக்காரர்தான் முதலில் போனார். அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் அப்போது பாதி வயல், பாதி மனை. எல்லைக்கல் நட்ட இடத்தில்கூட ஒரு போகம் நெல் போட்டவர்கள் இருந்தார்கள். பஸ் நிற்கும் இடத்தில் அவருடைய கடை. விடிவதற்குள் பாய்லரில் நெருப்பு வந்துவிடும். ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, யார் நிலம் விற்றார்கள் என்பதெல்லாம் அந்த பெஞ்சில் பேசித் தீர்ந்த பிறகுதான் தெருவுக்கு வரும். பெரியவர், சின்னவர் எல்லாரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார். என்னை மட்டும் "இன்னா பெரியவரே" என்பார். அப்போது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற என் முகத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அதனாலேயே அந்தக் கடைப் பக்கம் நான் அதிகம் போக மாட்டேன்.

அவருடைய மகனும் நானும் ஒன்றாகப் படித்தோம். எட்டாவதோடு நான் நின்றுவிட்டேன். அவன் பத்து வரைக்கும் போனான். நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்து இரும்பு அறுத்துக்கொண்டிருந்தபோது அவன் அப்பாவோடு கடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவர்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வருவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். என் அப்பா என் தோளில் கை வைத்ததாக ஞாபகமே இல்லை.

அப்பா, காலனியில் வீடு கட்டுகிற இடங்களில் ராத்திரி வாட்ச்மேனாக இருந்தார். விடிந்து நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். கை கால் கழுவுவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். நான் ஏதாவது கேட்டால் "உம்", "பாக்கலாம்". அவ்வளவுதான் பேச்சு. அவரைப் பற்றி ஒரு ஆள் எழுந்து நின்று பேச வேண்டுமென்றால் என்ன பேசுவார் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் என் பயம்.

ஏனென்றால் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கருமாதி என்றால் படத்திறப்பும் உண்டு. ஏழை, பணக்காரன் எல்லார் வீட்டிலும் உண்டு. நாற்காலியில் படத்தை வைத்துத் துணி போட்டு மூடியிருப்பார்கள். ஒருவர் துணியை எடுப்பார். பிறகு நாலு பேர் எழுந்து செத்தவரைப் பற்றிப் பேச வேண்டும். யாரும் பேசாத படத்திறப்பு என்று ஒன்று ஊரில் நடந்ததில்லை. முதல்முதலாக எங்கள் வீட்டில்தான் நடக்கப் போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மைக் செட்காரரிடம் போனேன். "அன்னிக்கு அவங்க வூட்ல புக் ஆயிடுச்சுபா. செட்டு ஒண்ணுதானே கீது" என்றார். ஷாமியானாவும் அங்கே போய்விட்டது. எங்களுக்குத் தார்ப்பாய்தான் கிடைத்தது. சுவரெல்லாம் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தார்கள். கிழிக்கலாமா என்று கையைக் கொண்டுபோனேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

படத்துக்கு, அப்பாவின் வேலை அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அதைத் தவிர வேறு போட்டோ இல்லை. தொப்பியை அழித்துப் பெரிதாக்கித் தந்தார்கள். கண் இரண்டும் முறைத்தபடி இருந்தது. "கொஞ்சம் சிரிக்கிற மாதிரி பண்ண முடியுமா சார்?" என்று கேட்டேன். "சிரிச்சு எடுத்த போட்டோ இருந்தா குடு, பண்றேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

பேசுவதற்கு ஆள் பிடிக்கக் காலனிக்குப் போனேன். அப்பா காவல் காத்துக் கட்டி முடித்த வீட்டில் ரிடையர் ஆன வாத்தியார் ஒருவர் இருந்தார்.

"நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் சார்."

"கண்டிப்பா வரேன்ப்பா. அங்க ஜஸ்ட் தலையைக் காட்டிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

பால் ஊற்றுகிற அக்காவைக் கேட்டேன். "வராம இன்னாடா? அங்க போய்ட்டு வந்துர்றேன்" என்றாள். கேட்ட எல்லாருமே அதைத்தான் சொன்னார்கள். அங்கே போய்விட்டு. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்துவிட்டு அங்கே போகிறேன் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. காலையில் ஏரிக்கரையில் காரியம் முடிந்தது. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. அது எப்போது கிழியும் என்று ஒரு கவலை. சாப்பாடு மிச்சமாகிவிடும் என்று ஒரு கவலை. படப்பையிலிருந்து வந்த அத்தை வீட்டார் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாற்காலிகள் நனைந்துகொண்டிருந்தன.

இதில் இன்னொரு கொடுமை. டீக்கடைக்காரர் வீட்டு மைக்குக்கு ஒரு குழாய் ஸ்பீக்கரை எங்கள் தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். என் அப்பா படத்துக்கு முன்னால் நின்றபடி அவருடைய பெருமையைக் கேட்டேன். யாருக்கோ ரத்தம் கொடுத்தாராம். யாரையோ பிரசவத்துக்குத் தன் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோனாராம். பேசியவர் குரல் தெரிந்த குரலாக இருந்தது. வாத்தியார்தான். அப்பாவுக்காக நான் பிடித்து வைத்திருந்த ஆளும் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு நன்றாகப் பேசினார். அந்த வார்த்தையில் பாதியை இங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அம்மா உள்ளேயிருந்து வந்து, "துணிய எடுத்துருடா, சாப்பாடு ஆறுது" என்றாள்.

"இருமா. வருவாங்க."

"வர்றவங்க வரட்டும். உங்கப்பா இன்னா கவர்னரா?"

ஸ்பீக்கர் திடீரென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கூட்டம் தெரிந்தது. குடையும், தலையில் துண்டும், பிளாஸ்டிக் பையுமாக எல்லாரும் வந்தார்கள். முன்னால் டீக்கடைக்காரரின் மகன். மொட்டைத் தலையோடு, கையில் ஒரு மாலை.

"இன்னா மச்சான், நாங்க வராம தொறந்துட்டியா?"

"இல்ல. இப்பதான்."

"தெரியும்டா. தொறந்திருந்தா உங்க நைனாவே எழுந்து வந்து எங்க மானத்த வாங்கியிருப்பாரு."

சிரித்தார்கள். கருமாதி வீட்டில், என் அப்பாவின் படத்துக்கு முன்னால். எனக்குக் கோபம் வந்தது. வாத்தியார் துணியை எடுத்தார். முறைக்கிற அந்த முகம் வெளியே வந்ததும் மறுபடியும் சிரிப்பு.

"பாரு, வாட்ச்மேன் வேஷத்துல கீறாரு" என்றாள் பால்கார அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்குப் புரியவில்லை. டீக்கடைக்காரர் மகன்தான் பேச ஆரம்பித்தான். மைக் இல்லை.

"எங்க கடையில மொத டீ இவருக்குத்தான். டூட்டி முடிச்சு நேரா வருவாரு. அப்பறம் ஒரு மணி நேரம் நாடகம்தான். வீடு கட்ற இன்ஜினியரு மாதிரி நடப்பாரு. சார் மாதிரி இங்கிலீஷ் பேசுவாரு. மன்னிச்சுக்க சார்."

"எனக்குத் தெரியும்ப்பா. என் முன்னாடியே செஞ்சு காட்டியிருக்கார்" என்றார் வாத்தியார்.

"எங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிகினு கீது. அப்பவும், வாட்ச்மேன கூட்டினு வாடா, சிரிச்சாவது மூச்சு வருதா பாக்கலாம்னாரு. இவரும் அன்னிக்குக் காச்சல்ல படுத்துட்டாரு."

பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். சொன்னார்கள் என்பதைவிட நடித்துக் காட்டினார்கள். யாரோ பின்னாலிருந்து, "அந்த மகன் கதைய செய்யி" என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். "கோச்சுக்காத மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டான். இல்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு நாலடி போனான், நின்றான், திரும்பினான்.

"எம்மா, ஸ்டவ்வ அணைச்சியா? எம்மா, கதவு பூட்டு இழுத்துப் பாத்தியா? எம்மா, மாடு கட்டிகீதா?"

அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினான். அப்படியே என் அப்பாவின் குரல். "நம்ம கையில மாடே கெடையாதேடா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அது நான்தான். என் குரல், என் நடை. தினமும் பட்டறைக்குக் கிளம்பும்போது பாயில் திரும்பிப் படுத்திருந்தவர், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அத்தனையும் மறுநாள் காலையில் அந்த பெஞ்சுக்குப் போயிருக்கிறது. எனக்கு வந்ததெல்லாம் "உம்" மட்டும்தான்.

அம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா. வூட்லயும்தான் செய்வாரு. நீ உள்ள நொழஞ்சா நிறுத்திடுவாரு. உங்கிட்ட ஒரு பேச்சு சொன்னா அத நெசம்னு புடிச்சுகினு ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டியே. அவன் பயந்துக்குவான், வாணாம்னு சொல்வாரு."

அன்று சாப்பாடு மிச்சமாகவில்லை. போதவில்லை. டீக்கடைக்காரர் மகன் ஆளனுப்பித் தன் வீட்டுக் குழம்பை எடுத்துவரச் செய்தான். எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மாதிரி மனுஷனை இனிமேல் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாவைப் பற்றிப் பேச ஊரே வந்தது. ஆனால் அவர்களில் ஒவ்வொருவரையும் பார்த்து எனக்கு எரிச்சலாக இருந்தது. பால்கார அக்காவிடம்கூட என் அப்பா இருந்தார். அவள் அவரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். பட்டறைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி, பெஞ்சின் ஓரத்தில் உட்காருவேன். கூட்டம் குறைந்ததும், "மச்சான், அந்த மாடு கதைய ஒருதரம் செய்யேன்" என்பேன். அவன் பால் ஏட்டை ஒதுக்கிவிட்டு, டீயை ஆற்றியபடியே செய்வான். என்னைச் செய்யும்போது நான் கவனிக்க மாட்டேன். கடைசி வரிக்காகக் காத்திருப்பேன். வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் அந்தக் குரலுக்கு முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். வரவில்லை. அவனுக்கு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.