பழத்துக்குள் மாத்திரை

“…ஆமா, நாய்க்கு மாத்திரைய நாந்தான் நிறுத்தினேன். இப்ப என்னங்கற கண்ணு? மூத்திர நாத்தத்துல எத்தன நாளைக்குக் குடும்பம் நடத்தறது?” என்றார் அக்கா. கூடப் பிறந்தவரில்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கீழே பனியன் கம்பெனி, மேலே நாங்கள் எல்லாரும் ஒரே குடித்தனம்.

பழனிக்கு நடந்துவிட்டு அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தேன். கால் கொப்புளம்கூட ஆறவில்லை.

எங்கள் பொட்டை நாய்க்கு வயதாகிவிட்டது. குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்தது. தூக்கத்தில் தன்னை அறியாமல் ஒழுகிவிடும். விழித்து ஈரத்தைப் பார்த்தால் அதுவே கூசிப்போய் மூலைக்கு நகரும். டாக்டர் நல்ல பேச்சுக்காரர். “மூத்திரப் பையோட வாய் தளந்துபோச்சுங்க. மாத்திரை இறுக்கிப் புடிக்கும். நல்லாயிருச்சுன்னு நிறுத்தீராதீங்க, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்” என்றார். சொன்னபடியே நின்றது. பனியன் வேஸ்ட் துணி விரித்த அதன் படுக்கை காய்ந்தே கிடந்தது.

கிளம்பும்போது, வாழைப்பழத் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் விதத்தை அக்காவுக்குத்தான் காட்டிக் கொடுத்தேன். “நீ முருகனப் பாரு, இத நான் பாத்துக்கறேன்” என்றார். என்ன அழகாகச் சொன்னார் என்று வழியெல்லாம் மெச்சிக்கொண்டே நடந்தேன்.

மாலை போட்டவர் நடந்து போயிருக்கும் வீட்டில் அசுத்தம் ஆகாது. அந்த நாட்களில் நாய் ஒழுகினால் அதற்காக ஒருவரும் பரிந்து பேச மாட்டார்கள். அக்காவுக்கு அது தெரியும். என் விரதத்தை வைத்தே என் நாயைக் கவிழ்த்துவிட்டார். எங்கள் பொங்கலூர்த் தோட்டத்துக்கு அதைக் கொண்டுபோக டெம்போவும் வந்து நின்றது.

“ஏனுங்க, மறுபடி குடுத்தா நாலு நாள்ல நின்னுருமுங்க. தோட்டத்துல யாரு மாத்திரை குடுப்பாங்க? நீங்களாச்சும் சொல்லுங்க” என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“அங்க காத்தாடக் கெடக்கட்டும்” என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அக்கா சொன்னது அவருக்குப் புதுச் செய்தியாக இல்லை. எனக்கு மட்டும்தான் புதிது.

அக்கா என் பிரசாதப் பையைத் திறந்து ஒரு பழத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோலை உரித்து, நான் காட்டிக் கொடுத்த மாதிரியே ஒரு துண்டு கிள்ளி, “வா சாமி” என்றார். மருந்து வேளை என்று நினைத்து அது வாலாட்டிக்கொண்டே பின்னால் போனது. துண்டை டெம்போவுக்குள் போட்டார். அது முன்னங்காலை வைத்ததும் பின்னால் தாங்கி ஏற்றிவிட்டு, கதவைத் தூக்கிக் கொக்கியை மாட்டினார்.