வலப்பக்கத்துச் சுவர்

மீட்டர் அக்காவோடு முதன்முதலாகப் பேசியது அவளுக்கு இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அச்சகத்தின் முன்னறையில் கணினி முன் உட்கார்ந்து ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தாள். மின் அளவெடுப்பவர்களின் சீருடையில், காதில் பேனா செருகிய ஒரு பெண் வந்து மேஜைமேல் மெமரி கார்டை வைத்தார்.

"புத்தகம் போடணும்மா. அறுபது காப்பி."

"என்ன புத்தகம்ங்க?"

"பத்திரிகைன்னே வெச்சுக்கயேன். பேரு 'ரீடிங்'. மூணு இதழ் வந்தாச்சு. பழைய பிரஸ்காரர் கடையை மூடிட்டுப் போயிட்டார். இது நாலாவது."

"கதை, கட்டுரை எல்லாம் டைப் பண்ணிட்டீங்களா?"

"எழுத்தே கிடையாது. எல்லாம் நான் எடுத்த போட்டோ. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அதே வீட்டுக்குப் போறேன், அதே மீட்டரைப் பாக்கறேன். அப்படியே அதே எடத்துல நின்னு ஒரு போட்டோ. இடப்பக்கம் போன தடவை எடுத்தது, வலப்பக்கம் இந்தத் தடவை எடுத்தது."

"ரெண்டும் ஒரே மாதிரிதானேக்கா இருக்கும்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க" என்று சிரித்தார். "எங்க வீட்டுக்காரர்கூட, என் மூஞ்சியை ஒரு பக்கம் போடக்கூடாதான்னு கேட்டார். இருபது வருஷமா மாறாத மூஞ்சிக்கு எதுக்குங்க ரெண்டு பக்கம்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சிரிக்காமல் ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். என்றைக்குக் கிடைக்கும் என்று அக்கா கேட்டார். வெள்ளிக்கிழமை என்றாள். "வெள்ளிக்கிழமை எனக்கு மேற்குத் தெரு. சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கிப் போனார்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. ஒரு நாளைக்குத் தொண்ணூறு மீட்டர். எந்த வீட்டில் எத்தனையாவது அழைப்புமணிக்குக் கதவு திறக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் வந்து கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கெண்டைக்காலில் இரண்டு தழும்புகள். இரண்டும் ஒரே நாயின் உபயம். கேமரா, அக்கா மகன் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனது. வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டுதான் படம் எடுப்பார். இதழ் வந்ததும், படத்தில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதியை அந்த வாரமே கையில் கொடுத்துவிடுவார். வாசகர்கள் என்று தனியாக யாரும் இல்லை. படத்தில் இருப்பவர்களே வாசகர்கள்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள். வலப்பக்கத்தில் அதே சைக்கிள், முன்சக்கரம் இல்லாமல். ஒரு வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு, வலப்பக்கத்தில் நான்கு. ஏன் என்று அக்கா ஒரு வரிகூட எழுதமாட்டார். பக்கங்களை அடுக்கும்போது அந்தச் செருப்பு வரிசையை அவள் இரண்டு முறை எண்ணினாள்.

பதினான்காம் பதினைந்தாம் பக்கங்களில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். பன்னிரண்டு குடும்பங்களின் மீட்டர்கள் வரிசையாகப் பதித்த பலகை, பின்னால் வெள்ளைச் சுவர், ஓரத்தில் தூண். வலப்பக்கப் படத்தில், பலகைக்கு மேலிருந்து தூணை நோக்கிச் சாய்வாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. லென்ஸில் முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கை முந்திக்கொண்டது. மூன்று வருடமாக மணப்பெண்களின் பருக்களையும், மாப்பிள்ளைகளின் கண்ணுக்கடியில் இருக்கும் கருமையையும், பின்னால் தொங்கும் வயர்களையும் துடைத்துப் பழகிய கை. நான்கு நிமிடத்தில் சுவர் பால்போல ஆகிவிட்டது. மாதிரிப் பக்கங்களை அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பினாள். ஏதோ ஒரு மாடிப்படியில் நின்றபடி, உள்ளங்கையளவு திரையில் பார்த்துவிட்டு, அக்கா "சரி" என்று பதில் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, நண்பகலில், அக்கா இதழோடு வந்தார். காதில் பேனா இல்லை.

"இந்தப் பக்கத்துல ஒரு கோடு இருந்துச்சேம்மா?"

"ஆமாக்கா. துடைச்சிட்டேன்." பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினாள். "லென்ஸ்ல முடி விழுந்திருந்துச்சு."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அது முடி இல்லம்மா. விரிசல். இடப்பக்கப் படம் எடுத்தப்ப அது அங்க இல்ல."

அவள் இதழை வாங்கி அந்தப் பக்கத்தை மறுபடியும் பார்த்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அக்கா அவளை அந்தக் குடியிருப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். பலகைக்குப் பின்னாலிருந்த சுவரில் இப்போது விரிசல் இல்லை. தரையிலிருந்து கூரைவரை புத்தம்புதிய டைல்ஸ், தூணையும் சேர்த்து. பாராட்டும்படியான வேலைதான். விரலால் தட்டினாள். சில இடங்களில் கெட்டியாக ஒலித்தது. தூண் பக்கம் போகப்போக வெற்றுத் தகரடப்பாவைத் தட்டியதுபோல ஒலித்தது. கையை எடுத்த பிறகும் உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். யாரும் தட்டவில்லை.

கீழ்வீட்டில் தையல்காரம்மா இருந்தார். கதவு நிலையில் சிக்குகிறது என்று இரண்டு தடவை இழைத்தாயிற்றாம், மறுபடியும் சிக்குகிறது.

"வாம்மா, உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். ஸ்டூல் நல்ல ஸ்டூல்தான், தரைதான் சரியில்ல" என்றார். மேஜையிலிருந்து ஒரு நூல்கண்டைக் கீழே போட்டார். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, தூண் இருக்கும் மூலையை நோக்கி உருண்டு போனது. "பாத்தியா? இப்பல்லாம் எது விழுந்தாலும் தேடவே வேணாம். எல்லாம் அங்கதான் போய்ச் சேருது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான்: குடியிருப்பில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டால் நகராட்சிப் பொறியாளர் வந்து பார்ப்பார். தையல்காரம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். டைல்ஸ் ஒட்டவைத்த கட்டடச் சொந்தக்காரருக்கு அதை எதிர்க்க ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. 'ரீடிங்' இதழைத் தூக்கிக்கொண்டு அவரும் ஏறி இறங்கினார். "உங்க மீட்டர்காரம்மா போட்ட புத்தகம்தான். இது அப்ப, இது இப்ப. எங்கேங்க விரிசல்? கண்ணாடி போட்டுட்டுத் தேடுங்க." எல்லார் வீட்டிலும் அந்த இதழ் ஏற்கெனவே இருந்தது. எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

அவள் வாய் திறந்து மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, கை வைக்காத மூலப் படத்தைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக அச்சிட்டு, சுருட்டி, அக்காவிடம் கொடுத்தாள். அந்த அளவில் பார்த்தபோது விரிசல் மயிரிழையாக இல்லை. தூணருகே ஒரு விரல் நுழையும் அகலம்.

"அவங்க சண்டை அவங்களோட, நமக்கெதுக்கு ஊர்வம்பு" என்றார் அச்சக முதலாளி. "போட்டோவைக் கெடுக்கற பிரஸ்ஸுன்னு பேர் வந்துச்சுன்னா, நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டுக்காரன் நம்ம பக்கம் எட்டிப் பாப்பான்? நீ வாயை மூடிட்டு இரு. உனக்கு அது கஷ்டமில்லையே!"

சனிக்கிழமை மாலை அக்கா சுருட்டிய படத்தோடு திரும்பி வந்தார். ஓரங்கள் கசங்கியிருந்தன.

"காட்டினேம்மா. பன்னெண்டு வீட்டுக்கும் காட்டினேன். கம்ப்யூட்டர்ல யானையவே பறக்க விடறாங்க, ஒரு கோடு போடறது பெரிய விஷயமான்னு அந்தக் கட்டடத்துக்காரன் கேக்கறான். நான் வரைஞ்சதாம். என் புத்தகம் விக்கணும்னு வரைஞ்சேனாம்." அக்கா கசங்கிய ஓரத்தை விரலால் நீவினார். "மூணாவது மாடிக்காரங்க, நல்லவங்க, நான் போனா தண்ணி குடுக்காம அனுப்பினதில்ல. அவங்க கதவைப் பாதி திறந்து பாத்துட்டு, என்னக்கா நீங்களுமான்னு கேட்டுட்டாங்க."

"எத்தனை கையெழுத்துக்கா?"

"அஞ்சு. இன்னும் ரெண்டு வேணும்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குக் காலைல தூண்ல ஒரு டைல்ஸ் தானா கழண்டு விழுந்துச்சு. சிமெண்ட் சரியில்லன்னு அந்த ஆள் வேற ஒண்ணு ஒட்டிட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். உள்ள இருட்டா இருந்துச்சும்மா. அடி வரைக்கும் தெரியல."

உள்ளறையில் அச்சு இயந்திரத்தின் ஓசை நின்றது. முதலாளி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பள்ளியில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றவள் அவள். இப்போதும் இரண்டு கைகளையும் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா படத்தை அவள்முன் வைக்கவில்லை. தன் அக்குளிலேயே இடுக்கிக்கொண்டு, மேஜைமேல் லேசாகக் குனிந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லாரும் கீழ, அந்த மீட்டர் பலகைகிட்ட, கையெழுத்துப் போடறதா வேணாமான்னு பேசக் கூடறாங்க. படத்தை நம்ப மாட்டேங்கறாங்க, என்னையும் நம்ப மாட்டேங்கறாங்க. அந்தச் சுவரைத் துடைச்சது உன் கை. நீ ஒருத்திதான் அதைச் சொல்ல முடியும். என்கூட வந்து, அவங்க முன்னாடி நின்னு, உன் வாயால சொல்றியாம்மா?"