மோட்டாருக்குப் புங்க எண்ணெய்

தானியேல் என்கிற பேரை அமிர்தவள்ளி முதலில் கேட்டது, பேரணாம்பட்டுப் பெரியம்மா மகள் சவுரியம்மாள் வாயிலிருந்துதான். "சுண்ணாம்புக் குழியில தோல் இழுத்துக்கினு இருந்தவன்டி. இப்ப சாயபுவோட மோட்டார் வண்டி ஓட்றான். கை வெடிப்பெல்லாம் ஆறிப்போச்சு" என்றாள். ஆறின அந்தக் கைகளை நம்பித்தான் அமிர்தவள்ளி கழுத்தை நீட்டினாள்.

கல்யாணத்துக்கு அப்புறமல்லவா தெரிந்தது, மோட்டாரோடு ஒரு தலைவலியும் வந்திருக்கிறதென்று. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த முதலாளி இஷ்தியாக் அகமது தங்கமான மனுஷர்தான், எண்ணெய் விஷயம் தவிர. மோட்டார் எண்ணெய் தீர்ந்தால் வாங்கித் தரமாட்டார். தோலுக்குத் தடவும் புங்க எண்ணெயைச் செம்பில் மொண்டு வந்து, தம் கையாலேயே இஞ்சினில் ஊற்றுவார்.

"முதலாளி, வேணாம். சூடேறினா பிசினாயிடும்."

"எருமைத் தோலையே பட்டாக்குற எண்ணெய்ப்பா! இரும்பு இன்னா, அத்தவிட ரோஷமா?"

"அளவுக்கம்பியில கோட்டைத் தாண்டிட்ச்சி முதலாளி. கோடு வரைக்கும் போதும்."

"கோடு கஞ்சனுக்குப் போட்டது. ஜாஸ்தியா இருந்தா இன்னா கெட்டுடும்?"

தானியேல் வீட்டுக்கு வந்து கஞ்சியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "வண்டி நின்னா எண்ணெய்யவா சொல்லுவாரு? என்னைத்தான். மறுபடியும் குழிதான்" என்பான்.

நின்றே விட்டது. சித்திரை வெயிலில், விண்ணமங்கலம் தாண்டி, ஒரு கத்தல் கத்திவிட்டு இஞ்சின் இறுகிக்கொண்டது. இரண்டு மாடு பூட்டி ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். அங்கே கொட்டகையில் கூலிக்குத் தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த அமிர்தவள்ளி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வண்டி பாத்துக்கிற லட்சணமா இது? நாளைலேர்ந்து குழிக்குப் போ" என்று இருபது பேர் முன்னால் சத்தம் போட்டார் முதலாளி.

தானியேல் வண்டிக்கடியில் படுத்து எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கழற்றினான். எண்ணெய் ஒழுகவில்லை, வெல்லப்பாகு மாதிரித் தொங்கியது. அமிர்தவள்ளி அதை விரலில் வழித்து முதலாளியிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க முதலாளி. இது இன்னா எண்ணெய்னு உங்க வாயாலயே சொல்லுங்க."

தோலை மோந்தே எந்தச் சந்தைச் சரக்கென்று சொல்கிறவர் அவர். மோந்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"புங்கம்தான்" என்றார். "இஞ்சின் இன்னும் பழகலப்பா. அடுத்த தபா நல்லெண்ணெய் ஊத்திப் பாக்கலாம். குழிக்கெல்லாம் வேணாம், நீயே ஓட்டு."

அமிர்தவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த பேஜாரு போதும். வாய்யா போலாம்" என்று புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள்.

இப்போது தானியேல் வேலூரிலிருந்து குடியாத்தத்துக்கு பஸ் ஓட்டுகிறான். சத்துவாச்சாரியில் குடியிருக்கிறார்கள்.