நடவுக்காரியின் தொண்டை

என் பெண்சாதியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் குரல் எனக்குப் பழக்கம். பாகூர் ஏரிக்குக் கீழே நான் நடவுக்குச் சேறு கலக்கிச் சேடை உழுதுகொண்டிருப்பேன். இரண்டு வரப்பு தள்ளி நடவுப் பெண்கள் குனிந்திருப்பார்கள். ஒருத்தி முதல் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த ஒருத்தியின் குரல் எதிர்காற்றிலும் கிருமாம்பாக்கம் சாலைவரை கேட்கும் என்பார்கள். யாரென்று விசாரித்து, அவளையே கட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகி ஒன்றிரண்டு போகம் போனபிறகு அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தது. காலையில் கரகரக்கும், வெயில் ஏறினால் வெறும் காற்றுதான் வரும். அவள் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இன்னும் ஓங்கிப் பாடினாள். என் அம்மா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப்போட்டாள். நான் மிளகும் பனங்கற்கண்டும் வாங்கிவந்தேன். எதிலும் குணமாகவில்லை. கடைசியில் வேறொருத்தி பாட்டெடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு இவள் சோற்றைத் தொடவில்லை.

வைக்கோல் ஏற்றிப்போன வண்டியில் அவளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக்கார டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தார். அவள் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை விளக்கில் சூடுகாட்டி வாய்க்குள் விட்டார். ‘ஈ’ சொல்லச் சொன்னார். அவள் குமட்டிக்கொண்டே சொன்னாள். பிறகு அவர் பிரெஞ்சில் என்னவோ பேச, பக்கத்திலிருந்த தமிழ் நர்சம்மா எங்களுக்கு விளக்கினாள்.

“பூவரச எலையில பீப்பி செஞ்சு ஊதியிருக்கியாம்மா?”

இவள் தலையாட்டினாள்.

“நுனிய நசுக்கி ஊதினா ரெண்டு ஓரமும் படபடன்னு அடிச்சுக்கும். அதான் சத்தம். தொண்டையிலயும் அப்படி ரெண்டு மடிப்பு இருக்கு. நெஞ்சுலேர்ந்து வர்ற மூச்சு பட்டு ஆடும். நீ கத்திக் கத்தி அதுல காய்ப்பு வுழுந்துபோச்சு, மம்பட்டி புடிக்கிற கையில வுழுமே, அப்படி. மடிப்பு சரியா சேரல, காத்து ஒழுகுது.”

“இன்னா மருந்தும்மா?” என்றேன்.

“வாயத் தொறக்காம இருக்கறதுதான். கிசுகிசுன்னும் பேசக் கூடாது. அறுவடை வரைக்கும்.”

அப்படியே இருந்தாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள். கோபமென்றால் அகப்பையால் பானையைத் தட்டுவாள். அதிகம் பேசாதவன் நான். அந்த நாட்களில் வயலில் நடந்தது, வழியில் பார்த்தது எல்லாவற்றையும் ராத்திரிச் சோற்றின்போது அவளிடம் சொன்னேன். அவள் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் ரகசியங்களையெல்லாம் கொண்டுவந்து அவளிடம் கொட்டினார்கள். வெளியே போகாது என்ற தைரியம். சண்டைக்கு ஆள் இல்லாமல் என் அம்மாதான் தவித்துப்போனாள்.

அறுவடை முடிந்த ஒரு காலை. நான் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“மாட்டுக்குத் தவுடு வச்சியாய்யா?”

யாரோ பெண்பிள்ளை என்று திரும்பினேன். அவள்தான். குரல் தடித்து, தாழ்ந்திருந்தது. அவளே பயந்துபோய்க் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“நல்லாத்தான் இருக்குது புள்ள,” என்றேன். அவள் நம்பவில்லை.

அடுத்த நடவில் பாட்டு பழைய உயரத்திலேயே கிளம்பியது. இவள் சேர்ந்து பார்த்தாள். எட்டவில்லை, பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்தபடி நாற்றை ஊன்றினாள். முதல் அடி எடுத்தவள் இவள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுத்த பாட்டை இறக்கித் தொடங்கினாள். இவள் குரல் மெதுவாக அதில் வந்து சேர்ந்தது. நான் ஏரை நிறுத்திவிட்டு நின்றேன்.

எங்கள் மகளைத் தாலாட்டியது அந்தத் தாழ்ந்த குரல்தான். பழைய குரலை மகள் கேட்டதில்லை. நான் அதைப் பற்றிப் பேசினால், “இந்தக் கொரலுக்கு இன்னாப்பா கொறச்சல்?” என்பாள். குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனாலும் ஏரிக்காற்று அடிக்கும்போது என் காது அந்தப் பழையதைத்தான் தேடும்.